கோல்டான் மண்ணில் நிவாரணமும் நீதிக்குரலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, வடக்குக் கிவு மாகாணத்தில் ருபாயா என்றொரு மலையூர் உள்ளது. உலகச் சந்தைக்கு வரும் கோல்டான் தாதுவில் ஏறத்தாழ 15 விழுக்காடு அங்கே மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் தோண்டி எடுக்கப்படுகிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் டான்டலம் என்னும் உலோகம் கைப்பேசிகளுக்குள் போகிறது. 2024 ஏப்ரலில் எம்23 கிளர்ச்சிப் படை அவ்வூரைக் கைப்பற்றி, தாதுவின் மீது விதித்த வரியால் மாதந்தோறும் சுமார் 8 இலட்சம் டாலர் ஈட்டியதாக ஐ.நா. வல்லுநர் குழு கணக்கிட்டது. 2025 ஜனவரியில் அம்மாகாணத் தலைநகரான கோமா அப்படையிடம் வீழ்ந்தபோது, அதைச் சூழ்ந்த முகாம்களில் தஞ்சம் புகுந்திருந்த இலட்சக்கணக்கானோர் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

அவர்களுக்கு மாவும் மருந்தும் தார்ப்பாயும் கொண்டுசெல்வோர், போருக்குப் பணம் எவ்வழி வருகிறது என்பதையும் வெளியே சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சொன்னால் ஆபத்து என்னும் அச்சம் பொய்யன்று. கிழக்குக் காங்கோவின் புக்காவு நகரில் 1999-இல் பன்சி மருத்துவமனையை நிறுவி, வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சையளித்துவரும் மருத்துவர் தெனி முக்வேகே, 2012 செப்டம்பரில் அந்த வன்முறையைக் கண்டித்து ஐ.நா.வில் பேசினார், அடுத்த மாதமே அவர் வீடு தாக்கப்பட்டு, காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேறிய அவரைத் திரும்ப அழைக்க, ஏழைப் பெண்கள் காய்கனி விற்றுப் பயணச்சீட்டுக்குப் பணம் சேர்த்தார்கள். 2018-இல் வந்த நோபல் பரிசைவிட அந்தச் சீட்டையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ஆயினும் குரல் கொடுப்பதிலும் பொறுப்பு வேண்டும். கனிமங்கள் ஆயுதக் குழுக்களை வளர்க்கின்றனவா என்று நிறுவனங்கள் ஆராய்ந்து அறிவிக்க வேண்டுமென அமெரிக்கா 2010-இல் சட்டம் இயற்றியது. அதற்காக உழைத்தவர்களின் நோக்கம் நேர்மையானது. அதே ஆண்டு காங்கோ அரசு கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலுக்கு ஆறு மாதம் தடை விதித்தது. தடை நீங்கிய பின்னும் பன்னாட்டு வணிகர்கள் பலர் வர மறுத்தார்கள். அன்றாடங்காய்ச்சிகளான தோண்டுவோரின் வருவாய் நின்றது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதோடு நின்றது. தோண்டுவோரை உடன் அமர்த்திக்கொள்ளாமல் அவர்களுக்காகப் பேசியதன் விளைவு இது.

இன்று பேச வேண்டியது வாங்குவோரிடம். 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் காங்கோவின் அண்டை நாடான ருவாண்டாவுடன் கனிம ஒப்பந்தம் செய்துகொண்டது; அதே ஆண்டின் இறுதியில், ருபாயாவின் தாது ருவாண்டாவுக்குக் கடத்தப்பட்டு அந்நாட்டுத் தாதுவோடு கலக்கப்படுவதாக ஐ.நா. வல்லுநர்கள் அறிக்கை அளித்தார்கள். காங்கோவுக்கு நிவாரண நிதி வழங்குவதும் அதே ஒன்றியம்தான். அந்நிதியைப் பெறும் தொண்டு நிறுவனங்கள், நன்றியோடு சேர்த்து, இந்த ஒப்பந்தம் போருக்குப் பணம் சேர்க்கிறதா என்னும் கேள்வியையும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசெல்ஸ் நகரில் எழுப்ப வேண்டும்.