புல்வெளியில் ஒரு வட்டக் கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சாலையோரம் நீலப் பலகைகள் நிற்கும். நீலத்தின் மேல் பொன்னிற எழுத்து. அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதை நாலைந்து வரியில் சொல்லிவிடும். யூனியன்டவுனுக்குக் கிழக்கே 40ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால், ஃபோர்ட் நெசசிட்டி என்ற கோட்டை வரும். அவசரத் தேவைக்குக் கட்டியது, அதனால் அந்தப் பெயர்.

கட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன். அப்போது அவருக்கு வயது 22. பிரிட்டிஷ் காலனியான வர்ஜீனியாவின் படை அதிகாரி. பூர்வகுடிகள் வாழ்ந்த ஓஹியோ ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிரிட்டனும் பிரான்சும் தமதென்று சொல்லிக்கொண்டிருந்த காலம். 1754 மே 28 அன்று வாஷிங்டனின் ஆட்கள் ஒரு பிரெஞ்சுக் குழுவைத் தாக்கியதில், அதன் தலைவர் ஜுமோன்வில் இறந்துபோனார். பதிலடி வரும் என்று தெரிந்ததால், கிரேட் மெடோஸ் புல்வெளியில் அவசர அவசரமாக மரக்கம்பங்களை நட்டு எழுப்பியதுதான் இந்தக் கோட்டை.

எதிர்பார்த்தபடியே ஜூலை 3 அன்று பிரெஞ்சுப் படை வந்தது. அதற்குத் தலைமை ஜுமோன்வில்லின் அண்ணன்! நாள் முழுக்க மழை. பதுங்குகுழிகளில் தண்ணீர் நிறைந்தது, வெடிமருந்து நனைந்தது. வாஷிங்டனின் ஆட்கள் சுமார் 400 பேரில் ஏறக்குறைய 100 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். இரவில் வாஷிங்டன் சரணடைந்தார். அவர் வாழ்க்கையில் சரணடைந்தது அந்த ஒரு முறைதான். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. கையெழுத்திட்ட தாளில் ஜுமோன்வில்லின் சாவு படுகொலை என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை யாரும் தனக்குச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே மூண்ட சண்டைதான் ஏழாண்டுப் போராக வளர்ந்தது. 1760இல் நம் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதும் அதே போரில்தான்.

சரி, கோட்டைக்கு வருவோம். எரிந்துபோனதன் வடிவம் என்ன என்பதில் வெகுகாலம் குழப்பம். மிஞ்சியிருந்த மண்மேடுகளை அளந்த ஒருவர் முக்கோணம் என்றார், இன்னொருவர் வேறு வடிவம் சொன்னார். 1932இல் அதைச் சாய்சதுரமாகத் திரும்பக் கட்டியும்விட்டார்கள். 1950களில் ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் தோண்டியபோதுதான், பழைய மரக்கம்பங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் வட்டமாக நிற்பது தெரிந்தது. மேலே தெரிந்த மேடுகள் வெளியே வெட்டிய பதுங்குகுழிகளின் மிச்சம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கட்டியதைப் பிரித்து, வட்டமாகவே மறுபடி கட்டினார்கள்.

அந்த வட்டத்தின் விட்டம் 53 அடி. நம் ஊரில் ஒரு கிரவுண்டு மனை என்றால் 2400 சதுர அடி. கோட்டைக்குள் இருந்த இடம் அதைவிடக் குறைவு! நடுவில் ஒரு சின்னக் கொட்டகை வேறு. 400 பேர் எங்கே ஒதுங்குவது? பெரும்பாலோர் வெளியே மழையில்தான் கிடந்தார்கள்.

பிரிட்டிஷ் பக்கம் நின்ற, செனகா என்ற பூர்வகுடியினரின் தலைவர் தனக்கரிசன், சண்டைக்கு முன்பே தம் மக்களோடு விலகிப் போய்விட்டார். வாஷிங்டன் யார் பேச்சையும் கேட்கவில்லை, புல்வெளியில் அந்தச் சின்னதைத் தவிர வேறொன்றும் கட்டவில்லை என்று பிறகு அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஹாரிங்டன் அளவுநாடாவோடு வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தனக்கரிசன் சொன்னது அது.