பச்சத்தண்ணியும் மூச்சுப் பயிற்சியும்: மலேசியாவுல தாப்பா கோயில் மண்டபத்துல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பசியாறிட்டு வந்திருக்கீங்க, ஃபேன் வேற நல்லா சுத்துது, அதனால கண்ணு சொக்கும், பரவால்ல, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நான் டாக்டர் இல்லீங்க, செம்பனை மில்லுல ஃபிட்டர். இங்க என்னைய ஏத்தி விட்டதுக்கு ஒரே காரணம் எனக்கு இருக்கிற வியாதிதான், அது பேரு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், இடுப்பும் முதுகெலும்பும் உள்ளுக்குள்ள வீங்கி கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டே வரும். மத்த முதுகுவலிக்கு படுத்தா சொகமா இருக்கும், இதுக்கு அப்படியே தலகீழ், படுத்தா மோசம், எழுந்து நடந்தா தேவலாம். விடியக்காலையில கட்டில விட்டு எழுந்திருக்கிறதுதான் ஒரு நாளைக்கே பெரிய வேலை. மாத்திரை இருக்கு, எக்சர்சைஸ் இருக்கு, அதுக்கும் கேக்கலன்னா ஊசி இருக்கு, ஆனா முழுசா போயிடும்னு எந்த டாக்டரும் சொல்றதில்ல.

முழுசா போகாத வியாதி உள்ளவன் வீட்டுக்கு யோசனை மட்டும் நிறைய வரும், உங்களுக்கே தெரியும். முன்ன எல்லாம் எண்ணெய், கசாயம்னு வந்துச்சு, இப்ப போன்ல வீடியோவா வருது. ஒரு தாடிக்காரர் ஐஸ் கட்டிக்குள்ள கழுத்து வரைக்கும் உக்காந்திருக்கிறத இங்க பாதி பேரு பாத்திருப்பீங்க. அவரு பேரு விம் ஹாஃப், 1959ல பொறந்தவரு, நெதர்லாந்துக்காரர். வேகமா ஆழமா முப்பது நாப்பது தடவை மூச்சு இழுத்து விட்டு, கடைசியா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்தி வைக்கிறது, அப்புறம் ஒரு தடவை இழுத்துக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, இப்படி மூணு நாலு சுத்து. அதோட ஐஸ் தண்ணிக் குளியல். இத செஞ்சா வாதம் போகும், சக்கரை போகும், டிப்ரஷன் போகும்னு அத அனுப்புறவங்க கீழ எழுதிடுறாங்க. அனுப்புறவங்க கையில என்ன, ஃபார்வர்ட் பட்டன்தானே.

நான் இத கிண்டல் பண்ண வரல, ஏன்னா இதுல விஷயம் இருக்கு. 2014ல நெதர்லாந்துல ராட்பவுட் யூனிவர்சிட்டி டாக்டருங்க ஒரு சோதனை பண்ணாங்க. நல்லா ஆரோக்கியமான ஆம்பளைங்க 24 பேரு, அதுல 12 பேருக்கு இந்த முறைய சொல்லிக் குடுத்தாங்க, மீதி 12 பேருக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் எல்லாருக்கும் ஈ கோலி கிருமியோட ஓட்டுல இருந்து எடுத்த ஒரு பொருள ஊசியா போட்டாங்க, அது போட்டா கொஞ்ச நேரத்துக்கு காய்ச்சல், நடுக்கம், தலைவலி எல்லாம் வரும், ஆனா கிருமி உள்ள போகாது. பழகுனவங்களுக்கு அட்ரினலின் எகிறுச்சு, வீக்கத்த கெளப்புற ரசாயனம் ரத்தத்துல கம்மியா இருந்துச்சு, காய்ச்சல் மாதிரி இருக்கிற தொந்தரவும் கம்மி. நம்ம இஷ்டத்துக்கு ஆட்ட முடியாதுன்னு நெனச்ச நரம்ப மனுசன் மூச்சால ஆட்டுறான்னு பெரிய பேச்சாச்சு. 2022ல அதே குழு மறுபடியும் பிரிச்சுப் பாத்தாங்க, தண்ணி மட்டும் தனியா, மூச்சு மட்டும் தனியா, ரெண்டும் சேத்துன்னு. தண்ணிப் பழக்கம் மட்டும் வீக்கத்துல பெருசா ஒண்ணும் பண்ணல, வேலைய செஞ்சது மூச்சு, தண்ணி அதுக்குக் கொஞ்சம் கூட ஒத்தாசை பண்ணுச்சு, அவ்வளவுதான். வீடியோவுல இருக்கிறது பூரா ஐஸ் கட்டி, வேலை செஞ்சது மூச்சு. இத மட்டும் மறக்காதீங்க.

சரி, அவங்க எல்லாம் நல்லா இருந்த ஆளுங்க, என்னைப் போல வியாதிக்காரனுக்கு? அதுவும் பாத்திருக்காங்க, 2019ல, என்னோட வியாதிக்கே. 24 பேரு, எட்டு வாரம். பழகுனவங்களுக்கு, உடம்புல வீக்கம் இருக்கான்னு பாக்க இ எஸ் ஆர்னு ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுப்பாங்களே, அது கொஞ்சம் இறங்குச்சு, பெரிய ஆபத்து ஒண்ணும் வரல. நல்ல செய்திதான். ஆனா 24 பேருதான்யா, நம்ம கோயில் பஸ்ஸு கூட நிறையாது. அதோட தான் எந்தக் கூட்டத்துல இருக்கோம்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியும், ஐஸ் தண்ணில நின்னவன்கிட்ட நீ நிக்கலன்னு சொல்லி மறைக்க முடியுமா. நமக்கு நல்லாகப் போவுதுன்னு நம்பிக்கிட்டு செய்றவன் நல்லாருக்குன்னு தான் சொல்லுவான். அதனால அந்தக் கட்டுரைய எடுத்துக்கிட்டுப் போயி மாத்திரைய நிறுத்துறேன்னு டாக்டர்கிட்ட சண்டை போட ஒண்ணும் இல்ல.

இப்ப பச்சத்தண்ணிக்கு வரேன், இதுல நம்ம ஊரு விஷயம் ஒண்ணு இருக்கு. அதே நெதர்லாந்துல 3,018 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2016ல போட்டாங்க. கடுமையான வியாதி இல்லாத ஆளுங்க, எப்பவும் போல சுடுதண்ணில குளிச்சிட்டு கடைசில 30 செகண்டு, 60 செகண்டு, 90 செகண்டுன்னு பச்சத்தண்ணி, ஒரு மாசம். குளிச்சவங்க வேலைக்கு எம்சி, அதான் உடம்பு சரியில்லன்னு லீவு, போட்டது 29 சதவீதம் கம்மி. 30 செகண்டும் 90 செகண்டும் ஏறக்கொறைய ஒரே பலன். ஆனா அதே கட்டுரையில இன்னொண்ணு இருக்கு, உடம்பு சரியில்லாம இருந்த நாள் குறையல. வியாதி வந்தது வந்ததுதான், வந்தும் எழுந்து வேலைக்குப் போயிருக்கான். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. முழுசா போகாத வியாதி உள்ளவனுக்கு இதுவே பெரிய லாபம், வலி இருக்கும் ஆனா நாள் வீணாப் போகாது.

ஆனா அங்க ஜனவரி மாசம் பைப்புத் தண்ணி பத்துப் பன்னெண்டு டிகிரி. நான் மில்லுல இருந்து ஒரு தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்து விடியக்காலையில எங்க வீட்டுத் தொட்டில விட்டுப் பாத்தேன், 26 காட்டுச்சு. மத்தியானம் கூரை மேல இருக்கிற டாங்கியில இருந்து வர்ற தண்ணி, அது தே ஓ, அதான் பால் இல்லாத டீ, கலக்கத்தான் லாயக்கு. அவங்க சொல்ற குளிரு நம்ம பைப்புல கிடையாது. ஐஸ் வாங்கிப் போட்டா கிடைக்கும், அதுக்கு நான் அப்புறம் வரேன்.

இன்னொண்ணும் யோசிங்க. இங்க இருக்கிற பெரியவங்க எத்தனை பேரு தோட்டத்து லயத்து வீட்டுல வளந்தவங்க? பெரட்டுக்கு, அதான் வேலைக்கு முன்னாடி பேரு கூப்பிடுறதுக்கு, போறதுக்கு முன்னாடி, இருட்டோட, தொட்டித் தண்ணிய மொண்டு தலையில ஊத்திட்டு, ஹீட்டர் எங்க இருந்துச்சு அப்ப. எங்க அம்மா ரப்பர் பால் வெட்டப் போன காலம் பூரா அப்படித்தான் குளிச்சாங்க. அந்தக் குளியல் சக்கரைய தடுக்கும்னா நம்ம ஜனத்துக்கு சக்கரையே வந்திருக்கக் கூடாது. 2019ல கவர்மென்ட் எடுத்த சுகாதார சர்வேல நாடு முழுக்க பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சக்கரை, இந்தியர்னு பாத்தா 31.4. மூணு பேருல ஒருத்தர்னு வச்சுக்கங்க. இந்த வரிசைய எண்ணிப் பாருங்க, வேணாம், எண்ண வேணாம், பக்கத்துல இருக்கிறவங்க கோவிச்சுக்குவாங்க. அந்தக் காலத்துல அவங்கள ஓரளவு காப்பாத்துனது குளியல் இல்லீங்க, மேட்டுலயும் பள்ளத்துலயும் மரத்துக்கு மரம் நடந்த நடை.

அப்ப சில பேருக்கு ஏன் நல்லாருக்குன்னு தோணுது? அவங்க பொய் சொல்லல. எங்க வியாதி ஏறும் இறங்கும், வாதம், சோரியாசிஸ், ஒத்தத் தலைவலி எல்லாமே அப்படித்தான். நாம எப்ப புதுசா ஒண்ணத் தேடுவோம்? வலி உச்சத்துல நிக்கிறப்ப. உச்சத்துல நிக்கிறது எப்படியும் கொஞ்ச நாள்ல இறங்கத்தான் போவுது, அந்த நேரம் பாத்து நாம வாளியத் தூக்குனா பேரு வாளிக்குப் போயிடும். காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. இதக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருக்கு, எழுதி வைக்கிறது. மில்லுல பாய்லர் கேஜ் பாக்காம எவனும் ஸ்டீம் ஏத்த மாட்டான், உடம்புக்கு மட்டும் நாம குத்துமதிப்பு. நான் ஒரு நோட்டு போட்டேன், காலையில எழுந்ததுல இருந்து இறுக்கம் விடுற வரைக்கும் எத்தனை நிமிசம், ராத்திரி வலியில எத்தனை தடவை முழிப்பு, அவ்வளவுதான். ஒண்ணும் ஆரம்பிக்காம முதல்ல சும்மா எழுதுனேன், அப்புறம் மூச்சு மட்டும், அப்புறம் தண்ணியும் சேத்து, அப்புறம் ரெண்டையும் விட்டுட்டு. இந்தக் கடைசிதான் முக்கியம், நல்லாருக்கும்போது விட்டுப் பாக்க எவனுக்கும் மனசு வராது. சக்கரை, பிரஷர் உள்ளவங்களுக்கு இன்னும் சுலபம், உங்க கேஜ் வீட்டுலயே இருக்கு, மூணு மாசச் சக்கரைய காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் கவர்மென்ட் கிளினிக்லயே எடுப்பாங்க, ஒரு வெள்ளிக்கு.

என் நோட்டு என்ன சொல்லுச்சுன்னா, இறுக்கம் பச்சத்தண்ணியால குறையல, சுடுதண்ணியாலதான் குறையுது, இத டாக்டரும் முன்னாடியே சொல்லிட்டாரு. முழிப்பு குறைஞ்சது, அது மூச்சால, தண்ணி சேந்தாலும் சேராட்டியும். மனசு தெளியுறது தண்ணியால, அது உண்மை, ஊத்துன பிறகு ஒரு மணி நேரம் ஆள் வேற. ரத்த டெஸ்ட் அப்படியே நிக்குது. அதனால இப்ப எப்படின்னா, காலையில சுடுதண்ணி, அதுலயே குனிஞ்சு நிமிந்து முதுக அசைச்சுட்டு, கடைசில பச்சத்தண்ணி காலுல ஆரம்பிச்சு கை, தோளு, முதுகு. தலையில இல்ல. என் பொண்டாட்டிக்கு சுடுதண்ணிக்கு வர்ற கரண்ட் பில்லப் பாத்தாதான் கோவம்.

மூச்சுல எனக்கு அந்த வேக மூச்சு ஒத்து வரல, கை மரமரன்னு போவுது, தலை சுத்துது. அது கெட்டதுன்னு இல்ல, ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு ரொம்ப வெளிய போயிடுறதால வர்றது. நான் செய்றது மெதுவான மூச்சு, மூக்கு வழியா நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுறது, அப்ப நிமிசத்துக்கு ஆறு மூச்சு வரும். இந்த ஆறுல ஒரு சங்கதி இருக்கு. 2001ல இத்தாலிக்காரங்க சேந்து 23 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, லத்தீன்ல ஜெபமாலை சொல்றப்பவும் ஓம் மணி பத்மே ஓம்னு மந்திரம் சொல்றப்பவும் மூச்சு தானா நிமிசத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்னுச்சு, ரத்த அழுத்தத்த சரி பண்ணுற அந்த நரம்பு வேலையும் நல்லாச்சு. இங்க மாதா கோயில் போறவங்களும் இருக்கீங்க, காலையில சாமிக்கு முன்னாடி உக்காந்து ஜபிக்கிறவங்களும் இருக்கீங்க, அவசரமில்லாம சொன்னீங்கன்னா பாதிப் பயிற்சி அதுலயே முடிஞ்சிடும். இழுக்கிறது பூரகம், பிடிக்கிறது கும்பகம், விடுறது ரேசகம்னு யோகா வாத்தியார் சொல்லிக் குடுப்பாரு, அதுல பிடிச்சு வைக்கிற கும்பகத்த மட்டும் பிரஷர் உள்ளவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க கேக்காம செய்யாதீங்க. மெதுவான மூச்சால பிரஷர் இறங்கும், ஆனா சில புள்ளிதான், மாத்திரைய எடுத்து வச்சிடுற அளவுக்கு இல்ல.

ஐஸ் விஷயத்துக்கு வரேன்னு சொன்னேன். குளிர்ந்த தண்ணி திடீர்னு மேல பட்டா முதல் அரை நிமிசம் மூச்சு தானா வெட்டி இழுக்கும், நெஞ்சு படபடக்கும், தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். வாலிபப் பையனுக்கு அது ஒரு கிக்கு, அடைப்பு இருக்கிற இருதயத்துக்கு அது ஆபத்து. இருதயக் குழாய்ல ஸ்டெண்ட் வச்சவங்க, நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா உள்ளவங்க, பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க ஐஸ் தொட்டி பக்கமே போகாதீங்க. குளிருல விரலு வெளுத்துப் போறவங்க, குளிரு பட்டா தடிப்பு தடிப்பா வர்றவங்களும்தான். சக்கரையால காலு மரத்துப் போனவங்க ஐஸ் வாளில காலு வைக்கவே கூடாது, தோலு கெட்டுப் போறது உங்களுக்குத் தெரியாது, தெரியும்போது புண்ணாயிருக்கும்.

ரெண்டு மூணு கேள்வி வந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். ஒரு ஐயா கேட்டாரு, குளிருல உடம்பு சக்கரைய எரிக்கும்னு சொல்றாங்களே, நெசமான்னு. நெசம்தான் ஐயா, 2015ல நெதர்லாந்து மாஸ்ட்ரிக்ட்ல சக்கரை வியாதிக்காரங்க எட்டுப் பேர பத்து நாளு 14, 15 டிகிரி ரூம்புல தினமும் மணிக்கணக்கா உக்கார வச்சாங்க, இன்சுலின் வேலை செய்ற விதம் 43 சதவீதம் கூடுச்சு. ஆனா அது குளிரு ரூம்பு ஐயா, வாளித் தண்ணி இல்ல, எட்டே பேரு. நீங்க அந்த நேரத்த நடக்குறதுக்குக் குடுங்க, அதுக்கு ஆயிரம் ஆராய்ச்சி இருக்கு.

ஒரு அக்கா ஆஸ்துமாவுக்குக் கேட்டாங்க. மூச்சுப் பயிற்சி செய்யலாம் அக்கா, மூச்சுத் திணறல் தொந்தரவு குறையும், மனசு நல்லாருக்கும், டாக்டருங்க பாக்குற வழிகாட்டிலயே இருக்கு. ஆனா நுரையீரல் வேலை செய்ற அளவு அதனால கூடாது, அட்டாக் வர்றதும் குறையாது. அதனால பஃப், அதான் அந்த இன்ஹேலர், உங்க ஹேண்ட்பேக்ல இருந்து வெளிய போகக் கூடாது. குளிரு சில பேருக்கு ஆஸ்துமாவ கெளப்பும், அதனால தண்ணி உங்களுக்கு வேணாம்.

கடைசியா ஒரு தம்பி கேட்டான், லீவுல கூட்டாளிங்களோட லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் போறோம் அங்கிள், அந்த வேக மூச்ச செஞ்சிட்டு தண்ணிக்குள்ள முங்குனா ரொம்ப நேரம் இருக்கலாமாமேன்னு. இருக்கலாம் தம்பி, அதுதான் வினையே. மூச்சு முட்டுதுன்னு உனக்குத் தெரியப்படுத்துறது கார்பன் டை ஆக்சைடு, வேகமா மூச்சு விட்டு அத நீ முன்னாடியே வெளிய தள்ளிட்ட, அதனால முட்டாது, ஆனா ஆக்சிஜன் பாட்டுக்கு இறங்கிக்கிட்டே இருக்கும். முட்டுறதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துடும், தண்ணிக்குள்ள. கை கால உதறாது, சத்தம் வராது, பக்கத்துல நிக்கிறவனுக்கு இவன் இன்னும் முங்கிக்கிட்டு இருக்கான்னுதான் தோணும். இப்படி செத்திருக்காங்க, நீச்சல் நல்லாத் தெரிஞ்சவங்க. அந்த மூச்சு தரையில, பாய் விரிச்சு, படுத்துக்கிட்டு மட்டும். ஆத்துல இல்ல, ஸ்விம்மிங் பூல்ல இல்ல, குளிக்கிற தொட்டில இல்ல, மோட்டர்சைக்கிள் ஓட்டும்போது இல்ல. தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி கரையில நின்னும் செய்யக் கூடாது. உங்க கூட்டத்துல யாரு போன்ல அந்த வீடியோ இருக்கோ அவன்கிட்ட நீயே சொல்லு தம்பி, நான் சொன்னா பெருசு ஏதோ சொல்லுதுன்னுதான் நெனைப்பான்.