எஞ்சினை அணைத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டியால் வரும் ஆபத்து என்றதும் ஓடுகிற வண்டிதான் கண்முன் வரும். நிற்கிற வண்டியைத் தொட யாரும் தயங்குவதில்லை. ஆனால் எஞ்சினை அணைத்த பிறகும் எடை, சூடு, அழுத்தம், மின்சாரம் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன.

எடையிலிருந்து தொடங்குகிறேன். உயிர் போவது பெரும்பாலும் அதனால்தான். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியில் அத்தனை எடையும் ஒரு சின்ன சீலுக்கு (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்துக்கு) பின்னால் அடைபட்ட எண்ணெய் மேல் நிற்கிறது. சீல் தேய்ந்தால் வண்டி மெல்ல இறங்கும்; கிழிந்தால் நகர்ந்துகொள்ள நேரமே இருக்காது. திருகு ஜாக்கி கசியாதுதான், ஆனால் அதன் அடிப்பாகம் சிறியது. வண்டி நாலு விரல் நகர்ந்தாலே சாய்ந்துவிடும்.

ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி ஏன் நகர்கிறது? பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால், தரையில் இருப்பவை அந்தப் பிரேக் பிடிக்காத முன் சக்கரங்கள். அதனால் கெட்டியான சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பானரை மிதித்தால், அந்த உலுக்கலே வண்டியைத் தள்ளிவிடும்.

அடியில் நுழைவதானால் வண்டியின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் கட்டாயம். செங்கலும் சிமென்ட் கல்லும் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும், அவற்றை நம்பவே நம்பாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வெளியே நின்று வண்டியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால், ஸ்டாண்டு தவறினாலும் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ரேடியேட்டர். அதன் மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தின் அளவு) கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுந்து, அந்த நொடியே கொதித்து, நீராவியோடு முகத்தில் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள். பிறகு ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மின்விசிறிப் பக்கமும் கை போகக்கூடாது; பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். காரணம் எளிது: பாடி முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று மோதிரத்தோடு கை வைக்காதீர்கள், ஷார்ட் ஆனால் அது பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் காமன் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனைக் கசிவும் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். தள்ளி நின்று அட்டைத் துண்டைக் காட்டினால் ஈரம் எங்கே என்று தெரியும். பட்டுவிட்டால், முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. அதைப் பார்த்து ஏமாறாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "குத்திவிட்டது" என்று சொல்லாதீர்கள். "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்றே சொல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

நன்றி, வணக்கம்.