பத்து டாலர் நேயரும் படிவம் 990-உம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்குக் கூப்பிட்டபோதே, "சார், சன்மானம் எதுவும் தர முடியாது, நல்ல டீ மட்டும் உண்டு" என்று சொல்லிவிட்டார்கள். டீ வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. பேசப்போவது வானொலிக்காரர்களின் சம்பளம் பற்றி என்பதால், என் வரவை முதலில் சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவில் எஃப்.எம். அலைவரிசையின் இடது ஓரம், அதாவது 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, விளம்பரம் விற்காத நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த வருடங்களில் காரில் எனக்கு அதுதான் துணை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் நன்கொடை வாரம் என்று ஒன்று வரும். நல்ல செய்தி அலசல் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மாதம் நீங்கள் தரும் பத்து டாலரில்தான் இந்த நிலையமே ஓடுகிறது" என்று ஆரம்பிப்பார்கள். கும்பாபிஷேக வசூலுக்கு மைக்கில் பேசுவதைக் கேட்டிருப்பீர்களே, ஏறக்குறைய அதே ராகம். பிரசாதத்துக்குப் பதிலாகக் காபிக் கோப்பை. நானும் கொடுத்தேன், கோப்பையும் வந்தது.

எனக்குத் தொழில் கணக்கு. காசு கொடுத்த இடத்தின் வரவு செலவைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அங்கே அது சுலபமும்கூட. வரிவிலக்கு பெற்ற இந்த மாதிரி அமைப்புகள் ஆண்டுதோறும் வரித் துறைக்குப் 'படிவம் 990' என்று ஒன்றைத் தாக்கல் செய்யவேண்டும். யார் கேட்டாலும் அதைக் காட்டியாகவேண்டும். (பல்கலைக்கழகம் நடத்தும் நிலையம் என்றால் அதன் கணக்கு பல்கலைக்கழகக் கணக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அது வேறு கதை.)

அந்தப் படிவத்தின் ஏழாம் பகுதிதான் நமக்கு வேண்டியது. பெயர், பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, அப்புறம் பணத்துக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அந்த அமைப்பு கொடுத்த சம்பளம். இரண்டாவதில் அதோடு தொடர்புள்ள வேறு நிறுவனங்கள் கொடுத்தது. மூன்றாவதில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு மாதிரியான மற்றவை. நிர்வாகிகள் எல்லாரும் இதில் வருவார்கள். அவர்கள் போக, ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் ஊழியர்களில் முதல் ஐந்து பேர். தினமும் காலையில் நமக்கு வணக்கம் சொல்கிற குரல்கள் அந்த ஐந்தில்தான் அகப்படும். வாஷிங்டனில் இருந்து நாடு முழுவதும் உள்ள நிலையங்களுக்கு நிகழ்ச்சி தயாரித்துத் தரும் என்.பி.ஆர். அமைப்பின் முக்கியத் தொகுப்பாளர்கள் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே மூன்று லட்சம் டாலரைத் தாண்டியவர்கள்.

அதிகமா? வணிக வானொலியின் பெரிய நட்சத்திரங்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தொகை எனக்கு உறுத்தவில்லை. அந்தத் தொகைக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. 1996-இல் வந்த சட்டப்படி, நியாயமான அளவை மீறிச் சம்பளம் வாங்கிய நிர்வாகி, மீறிய தொகையில் 25 சதவீதம் வரி கட்டவேண்டும். திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். சரி, நியாயமான அளவு எது? நிர்வாகக் குழுவில் அந்தச் சம்பளத்தோடு சம்பந்தப்படாத உறுப்பினர்கள் கூடி, இதே மாதிரி வேலைக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று பார்த்து, பார்த்ததை எழுதி வைத்துவிட்டால் அந்தச் சம்பளம் நியாயமானது என்றே வரித் துறை எடுத்துக்கொள்ளும். தவறு என்று நிரூபிப்பது அதன் பிறகு துறையின் பாடு. ஆகவே பெரிய நிலையம் அடுத்த பெரிய நிலையத்தைப் பார்க்கும், அது இதைப் பார்க்கும். இரண்டு இடத்துச் சம்பளமும் ஏறிக்கொண்டே போகும். இரவு நேரத் தயாரிப்பு உதவியாளரின் சம்பளத்துக்கு மட்டும் யாரும் இப்படி ஊரெல்லாம் விசாரிப்பதில்லை. அவரிடம் "சேவை மனப்பான்மை" என்பார்கள்.

படிவத்தின் அந்த இரண்டாவது கட்டத்தை, அதாவது தொடர்புள்ள நிறுவனங்கள் கொடுத்ததை, நான் விடாமல் பார்ப்பதற்கு மின்னசோட்டா மாநிலம்தான் காரணம். 1967-இல் காலேஜ்வில் என்ற ஊரில் ஒரு கல்லூரி நிலையமாகத் தொடங்கிய மின்னசோட்டா பப்ளிக் ரேடியோவை ஆரம்பம் முதல் 2011 வரை நடத்தியவர் பில் கிளிங். அவர்களுடைய சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்றில் 'பவுடர்மில்க் பிஸ்கட்' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு பிஸ்கட்டுக்கு வேடிக்கை விளம்பரம் வரும். அந்தப் பிஸ்கட்டின் போஸ்டர் வேண்டுமா, எழுதுங்கள் என்றார்கள். கடிதங்கள் குவிந்தன. நேயர்கள் பொருளும் வாங்குவார்கள் என்று புரிந்தது. அதிலிருந்து தபாலில் சாமான் விற்கும் ரிவர்டவுன் டிரேடிங் என்ற லாப நிறுவனம் வளர்ந்தது. 1998-இல் அதை டேட்டன் ஹட்சன் 12 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த டேட்டன் ஹட்சன்தான் பிறகு டார்கெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விற்ற பணத்தின் பெரும்பகுதி வானொலியின் மூலநிதிக்குப் போனது. கிளிங்குக்கு 26 லட்சம் டாலர்.

வானொலியையும் கடையையும் கட்டி எழுப்பிய மனிதர் அவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர்களை அழைத்து வந்தது எது? நேயர்களின் நன்கொடையில் ஓடிய ஒலிபரப்பு. பத்து டாலர் கொடுத்தவனின் பார்வையில் அவை இரண்டு நிறுவனங்கள் ஆகா. கல்லாப்பெட்டிதான் இரண்டு.

மறுகோடியில் நியூஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. இருக்கிறது. தன்னை வைத்திருந்த அப்சாலா கல்லூரி 1995-இல் மூடப்படுவதற்குள் அந்த நிலையம் தனியாகப் பிரிந்து வந்துவிட்டது. அலுவலகத்தை நடத்தச் சம்பளத்துக்குச் சிலர் உண்டு. பாட்டுப் போடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, என்ன பாட்டு என்று சொல்ல மேலே யாரும் கிடையாது. வேறு வேலை பார்த்துச் சம்பாதித்துவிட்டு வந்து மூன்று மணி நேரம் மைக் முன்னால் உட்காருகிறார்கள். இசைக்கு இது சரிப்படும். நகராட்சிக் கூட்டத்துக்கு வாராவாரம் போய்ச் செய்தி எழுத ஆள் வேண்டுமென்றால் சம்பளம் கொடுக்காமல் நடக்காது.

2025 ஜூலையில், இந்த மாதிரி விளம்பரம் விற்காத பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. லட்சக்கணக்கில் சம்பளம் தரும் பெருநகர நிலையங்கள் நேயர்களிடம் கூடுதலாகக் கேட்டுச் சமாளிக்கலாம். கிராமப்புறத்திலும் பழங்குடிப் பகுதிகளிலும் நாலைந்து பேரை வைத்து ஓடும் நிலையங்களுக்கு அரசுப் பணம்தான் பெரிய வருமானமாக இருந்தது. அந்த நாலைந்து பேரில் நிர்வாகி தவிர மற்றவர்களின் பெயர் ஏழாம் பகுதியில் வந்திருக்காது.

படிவத்தின் முதல் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஐந்தாம் வரியில் ஊழியர் எண்ணிக்கை, ஆறாம் வரியில் தன்னார்வலர் எண்ணிக்கை, பதினைந்தில் சலுகைகளும் சேர்ந்த மொத்தச் சம்பளம். அங்கே நான் இருந்த ஊர் நிலையத்தின் படிவத்தில் மேல்மட்டத்தின் தொகையைக் கழித்துவிட்டு மீதியை ஆட்களால் வகுத்தேன். பகுதி நேரக்காரர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள் என்பதால் துல்லியமான கணக்கு அல்ல. இருந்தாலும் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த நன்கொடை வாரத்தில் எங்கள் ஊர் நிலையத்துக்குப் போன் போட்டேன். என் பத்து டாலரில் எவ்வளவு செய்தியாளர்களுக்குப் போகிறது என்று கேட்டேன். எடுத்த அம்மாள், "நான் ஆறாம் வரி ஐயா, எனக்கே சம்பளம் கிடையாது. கேட்டுச் சொல்கிறேன், இருங்கள்" என்று காத்திருப்பில் போட்டார். காத்திருப்பில் அவர்களுடைய ஒலிபரப்பே ஓடிக்கொண்டிருந்தது. மாதம் நீங்கள் தரும் பத்து டாலரில்தான் இந்த நிலையமே ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வணக்கம்.