பத்துக்குப் பத்து அறையின் உள்ளளவு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நான்கு செண்டோ ஐந்து செண்டோ மனை வாங்கி, கட்டம் போட்ட தாளில் தாமே அறைகளை வரைந்து, நம்பிக்கையான ஒரு மேஸ்திரியிடம் அந்தத் தாளைக் கொடுத்து வீடு கட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். மதுரைக்கு வெளியே எங்கள் நான்கு செண்டு மனையில் நானும் அப்படித்தான் கட்டினேன். பூச்சு வேலை முடிந்து, தரைக்கு டைல்ஸ் போடுவதற்கு முன்பு சில நாட்கள் வீடு சும்மா இருக்கும். அந்த நாட்களில் அறைகளை எப்படி அளப்பது, எதற்காக அளப்பது என்பதைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

கட்டுகிற வீட்டில் கண்ணை நம்பக்கூடாது. பேஸ்மட்டம் எழுந்த அன்று அறைகளைப் பார்க்கிற எவருக்கும், இவ்வளவு சிறியதா என்று மனம் சோர்ந்துபோகும். சுவர் எழுந்து, பூசி, வெள்ளை அடித்ததும் அதே அறை விசாலமாகத் தோன்றும். கட்டிலும் பீரோவும் உள்ளே வந்த பிறகு மறுபடியும் சுருங்கிவிடும். இந்த மூன்று தோற்றங்களுக்கும் அறையின் உண்மையான அளவோடு தொடர்பு இல்லை. அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு ஒருநாள் காலையில் போய் நிற்பதே சரியான வழி.

என் திட்டத்தில் இரண்டாவது படுக்கையறையை 10 அடிக்கு 10 அடி என்று எழுதியிருந்தேன். அது சுவருக்கு உள்ளே உள்ள அளவா, சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடு வரை உள்ள அளவா என்பதை நான் எழுதவில்லை. வேலையாட்கள் நூல் பிடித்துக் குறித்தது மையக்கோட்டு அளவு. எழுதப்படாத இடத்தில் அவர்கள் வழக்கப்படி செய்தார்கள், அதில் தவறில்லை. சுவர்கள் 9 அங்குலச் சுவர்கள் என்பதால் பக்கத்துக்கு நாலரை அங்குலம் வீதம் 9 அங்குலம் சுவருக்குப் போய்விட்டது. அதன்மேல் இருபுறமும் அரை அங்குலப் பூச்சு. மிஞ்சியது 9 அடி 2 அங்குலம். இரண்டு பக்கமும் அப்படியே என்றால் பரப்பு 84 சதுர அடி. நான் மனத்தில் வைத்திருந்தது 100 சதுர அடி. உள்ளளவு சரியாக 10 அடி வேண்டுமென்றால், மையக்கோட்டில் 10 அடி 10 அங்குலம் குறித்திருக்க வேண்டும். இனித் திட்டம் போடப் போகிறவர்கள் தாளின் மூலையில் "எல்லாம் உள்ளளவு" என்றோ "எல்லாம் மையக்கோட்டு அளவு" என்றோ ஒரு வரி எழுதிவிடுங்கள்.

84 சதுர அடி போதுமா என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு வீட்டில் புழங்கும் அறைகள் இரண்டு இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது என்கிறது. நம் கணக்கில் முதலாவது ஏறக்குறைய 102 சதுர அடி, இரண்டாவது ஏறக்குறைய 81 சதுர அடி. ஆக என் அறை இரண்டாவது அறையாகத் தேறும், முதல் அறையாகத் தேறாது. விதி சொல்வது குறைந்தபட்சத்தை மட்டுமே என்பதால், அந்த அறையில் யார் படுக்கப் போகிறார்கள், என்ன சாமான் வைக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

அளக்கும்போது ஓர் அறையின் அகலத்தை ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். இரு ஓரங்களிலும் நடுவிலும் என மூன்று இடங்களில் அளந்து, மூன்றில் குறைந்ததையே அறையின் அகலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவுகளையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை மூலமட்டத்தில், அதாவது நான்கு மூலைகளும் செங்கோணமாக, இருக்கிறது; 9 அடிக்கு 12 அடி அறையானால் இரண்டு குறுக்களவும் சரியாக 15 அடி வரும். அரை அங்குல வேறுபாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். எங்கள் கூடத்தில் 2 அங்குல வேறுபாடு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சுவரோரமாக ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் வெட்டிய டைல்ஸ் துண்டுகள் ஓடி, வாசலிலிருந்து பார்க்கிற எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். முன்கூட்டியே தெரிந்ததால், சோபா வரப்போகும் சுவரோரத்துக்கு அந்தத் துண்டுகளை டைல்ஸ்காரர் ஒதுக்கிவிட்டார்.

மனையடி சாஸ்திரப்படி உள்ளளவு பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓரிரு அங்குலம் கூடிவிட்டது என்பதற்காகப் பூச்சைக் கனமாக ஏற்றி அளவைச் சரிக்கட்டச் சொல்கிறார்கள். ஒரே தடவையில் கனமாக அடித்த பூச்சு வெடிக்கும், சில காலத்தில் சுவரை விட்டுப் பிரியும். அந்த அளவு வேண்டுமென்று விரும்புகிறவர்கள் அதை நூல் பிடிக்கும் நாளிலேயே, பூச்சுக்கும் சேர்த்து, கணக்கிட்டுவிட வேண்டும்.

இனி, அறைக்குள் சாமான்கள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டிலையும் பீரோவையும் உண்மை அளவில் வரைந்து பாருங்கள். எங்கள் இரண்டாவது அறையில் 5 அடி அகலக் கட்டிலையும், எதிர்ச்சுவரில் 1 அடி 7 அங்குல ஆழமுள்ள பீரோவையும் வரைந்தபோது நடுவே 2 அடி 7 அங்குலம் மிஞ்சியது. பீரோக் கதவு ஒன்றரை அடி திறக்கும். ஆள் நின்று துணி எடுக்கலாம். அதே இடத்தில் 6 அடிக் கட்டிலை வரைந்தால் மிஞ்சுவது 1 அடி 7 அங்குலம். பீரோக் கதவு திறக்கும், ஆனால் அதன்முன் நிற்க இடம் இல்லை. பெரிய கட்டில் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டோம். அறைக்கதவு திறக்கும் வளைவையும் வரைந்தபோது அது பீரோவின் மூலையில் இடித்தது. கீலை மறுபக்கம் மாற்றச் சொன்னோம். மாற்றினால் சுவிட்சுப் பெட்டி கதவுக்குப் பின்னால் மறைகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்து, பெயிண்டுக்கு முன்பே அதையும் இடம் மாற்றினோம்.

குளியலறையை இன்னும் கவனமாக அளக்க வேண்டும், ஏனென்றால் அங்கே சுவர் முழுக்க டைல்ஸ் வருகிறது. செங்கல் சுவர்களுக்கு இடையே 4 அடி விட்டிருந்தால், கலவையும் டைல்ஸும் சேர்ந்து பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது எடுத்துக்கொண்டு 3 அடி 10 அங்குலத்துக்கு வந்துவிடும். கழிப்பிடமும் சேர்ந்த குளியலறைக்கு விதித்தொகுப்பு கேட்கும் குறைந்த அகலம் 1.2 மீட்டர், அதாவது 3 அடி 11 அங்குலத்துக்குச் சற்று மேல்.

சமையலறையில் இரண்டு மேடைகள் எதிரெதிரே இருந்தால் நடுவில் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் கடந்து போக முடிகிறதா என்று இரண்டு பேர் நின்று பாருங்கள். மாடிப்படியில், தரைக்கு டைல்ஸ் வந்து மட்டம் உயரும்போது முதல் படியின் உயரம் குறைந்துவிடும்; அதைக் கொத்தனாரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளந்து பார்த்தபின் அறை சிறியது என்று தெரிந்தால், உடனே சுவரை இடிக்கும் யோசனைக்குப் போகாதீர்கள். தளத்தின் பாரம் எந்தச் சுவரில் இறங்குகிறது என்பதைப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லாமல் நாலரை அங்குலச் சுவரில்கூடக் கை வைக்கக்கூடாது. கதவின் திசை, அலமாரியின் இடம், சாமானின் அளவு ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் தீர்வு கிடைக்கிறது.

என் தாயார் நடமாட்டம் குறைந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருடைய குளியலறைக்கு, வழக்கம்போல் இரண்டரை அடி நிலை வைத்திருந்தார்கள். இரண்டரை அடி என்பது நிலைக்கட்டையின் வெளியளவு. இருபுறமும் 3 அங்குலக் கட்டை போக, நடுவில் வழி 2 அடி. திறந்து நிற்கும் கதவின் கனம் அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அவருடைய நாற்காலியின் அகலத்தைச் சக்கரத்தின் வெளிவளையத்தோடு சேர்த்து அளந்தேன்: 25 அங்குலம். வீடு முழுவதும் எத்தனை முறை நடந்து பார்த்திருப்பேன், அந்த வாசலை ஒருமுறையும் நாற்காலியோடு சேர்த்து நினைக்கவில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு என்பதால் நிலையைப் பெயர்த்து, மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லின்டல் போதிய நீளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்றரை அடி நிலை வைத்து, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினோம். இப்போது வழி 3 அடி. உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் பயன்படுத்தும் நாற்காலியையோ நடைச்சட்டத்தையோ எடுத்துக்கொண்டுபோய், அவர்களுடைய படுக்கையிலிருந்து குளியலறை வரை தள்ளிப் பாருங்கள். டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்குவதற்கு முந்திய வாரத்தில் அதைச் செய்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.