எத்தனை மைல் ஓடியிருந்தால் வாங்கலாம்? – பழைய இரண்டு சீட் கார் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணா, ரொம்ப நாள் ஆசை. மாஸ்டா எம்.எக்ஸ்-5, இரண்டு சீட், கூரையைத் திறந்து ஓட்டுகிற வண்டி. நாலாயிரம் பவுண்டு சேர்த்துவிட்டேன். எத்தனை மைலுக்குள் ஓடியிருந்தால் வாங்கலாம்? சனிக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். 2000-ம் வருட மாடல், 42,000 மைல்தான் ஓடியிருக்கிறது.”

படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த “மைல்தான்” என்ற சொல்லில்தான் மனசு மாட்டிக்கொண்டது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து வருடத்தில் 42,000 மைல் என்றால் வருடத்துக்கு 1,700 மைல்கூட இல்லை. அதாவது அந்த வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. எங்கே நின்றது? கராஜிலா, வீட்டு வாசலில் மரத்தடியிலா? ஓடாத வண்டிக்கும் வயசாகும். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் என்று, உள்ளே இருக்கிற பாகங்களை ஒரே தாளத்தில் சுழற்றுகிற ரப்பர் பட்டை ஒன்று உண்டு. அதை சுமார் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 42,000 மைல்தானே என்று யாருமே அந்த பெல்ட்டைத் தொடாமல் விட்டிருக்கலாம். ரப்பருக்கு மைல் தெரியாது, வருடம்தான் தெரியும். டயரும் அப்படியே. பட்டன் ஆழமாக, புதுசு மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2309 என்றிருந்தால் 2009-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். அதை நம்பி மழையில் வளைவில் திரும்பக் கூடாது.

சரி, மைலைக் கேட்கக் கூடாது என்றால் வேறு எதைக் கேட்பது? தொடர்ந்து பார்க்கிறவர்கள் இப்போதே சொல்லியிருப்பீர்கள். ஆமாம், அதேதான். தண்ணீர் எங்கே போகிறது?

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். நம் ஊரில் மொட்டை மாடி வீடு கட்டினால் மழைத்தண்ணீர் இறங்க ஒரு மூலையில் குழாய் விடுவோம். வேப்பிலை, மாவிலை விழுந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் மாடியிலேயே தேங்கும், சுவருக்குள் இறங்கும், இரண்டு வருடத்தில் உள்ளே சுண்ணாம்பு உதிரும். இந்தக் காரிலும் அதே கதைதான். மடக்குகிற துணிக் கூரையில் விழுகிற தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன ஓட்டைக்குள் போய், குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். இலையும் தூசியும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியிலும் ‘சில்’ என்கிறார்களே, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டி, அதற்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

சில்லில் துரு என்றால் அழகு கெட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். கூரை உள்ள காரில் பாரத்தைக் கூரையும் தூண்களும் பங்குபோட்டுத் தாங்கும். இதில் கூரையே துணி. அந்த வேலை முழுவதையும் தரையும் சில்லும்தான் செய்கின்றன.

இந்த வண்டியை ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதும் அழகான கதை. பாப் ஹால் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர். 1970-களின் கடைசியில், மாஸ்டாவில் ரோட்டரி எஞ்சினை உருவாக்கிய கெனிச்சி யமமோட்டோவிடம், எடை குறைந்த, எளிமையான இரண்டு சீட் கார் ஒன்று செய்யுங்கள் என்று சொன்னார். பிறகு அவரே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, எழுந்து நிற்கிற முகப்பு விளக்குகள். குதிரையும் அதில் ஏறினவனும் ஓருடல் ஆவதற்கு ஜப்பானில் ஒரு சொல் உண்டு, ‘ஜின்பா இத்தாய்’. அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட குறி. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. உலகத்தில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்ற கார் வேறு இல்லை. அந்த எடைக் குறைவுதான் இதன் உயிர். அதனால்தான் அந்த மெல்லிய இரும்பை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் இதே எம்.எக்ஸ்-5 வாங்கப் போனபோது இரண்டு வண்டி பார்த்தேன். முதலாவது சிவப்பு. 38,000 மைல். தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், விற்றவர் சிரித்தார். விரல் முட்டியால் சில்லைத் தட்டிக்கொண்டே போனேன். முன்னால் ‘டங் டங்’ என்றது. பின்சக்கரத்தை நெருங்கியதும் ‘தொப் தொப்’ என்று சுவரைத் தட்டுகிற மாதிரி. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. யாரோ ஒரு டிங்கரிங் கடைக்காரர் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தில் கை வைத்தால் குளிர்ச்சியாக, ஈரம்.

இரண்டாவது நீலம். 1,12,000 மைல். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வைத்திருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் உள்ளே போய் ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். கூரையைப் பாதி தூக்கி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் மெதுவாக ஊற்றினார். “குனிந்து பாருங்கள்” என்றார். ஐந்தாறு விநாடி இருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அப்புறம் நூல் மாதிரி ஓடியது. தெளிந்த தண்ணீர், ஒரு தூசி இல்லை. அந்தப் பக்கமும் அப்படியே. புல் வெட்டுகிற இயந்திரத்தின் நைலான் நரம்பில் ஒரு முழம் வெட்டி வைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை, இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை, அதை ஓட்டைக்குள் விட்டுச் சுத்தம் செய்வாராம். சிவப்பைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஓடிய வண்டி. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தம்பி பார்க்கப் போவது இரண்டாம் தலைமுறை, அதாவது முதல் மாடலுக்கு அடுத்து வந்த வடிவம். அதில் முன்பக்க சேஸித் தண்டுகளையும், அதாவது வண்டியின் முன்பாகத்தைத் தாங்குகிற நீளமான இரும்புத் தண்டுகளையும், பார்க்க வேண்டும். அவை இரட்டைத் தகடாக இருக்கும், நடுவில் ஈரம் தங்கும். அடியில் பிளாஸ்டிக் தட்டு மறைத்திருக்கும், டார்ச் கொண்டு போங்கள். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கல் உப்பு தூவுகிறார்கள், அது அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்றால் துரு இருக்காது என்று சிலர் விற்பார்கள். இங்கே வந்து இருபது வருடம் ஆகியிருந்தால் அதுவும் இதே உப்பைத்தான் தின்றிருக்கும்.

போவதற்கு முன்னால், வண்டி எண்ணை வைத்து எம்.ஓ.டி., அதாவது இங்கே வருடாவருடம் செய்கிற வண்டிப் பரிசோதனை, அதன் பழைய அறிக்கைகளை அரசு இணையதளத்தில் பாருங்கள், இலவசம். மைல் சரியா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எச்சரிக்கைக் குறிப்புகளை வருடவாரியாகப் படியுங்கள். மூன்று வருடம் ‘துரு ஆரம்பம்’ என்று எழுதி, நாலாவது வருடம் ஒன்றுமே இல்லையென்றால் ஒன்று ஒழுங்காக வெல்டிங் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டி. ரசீது கேளுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்திய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுமையான துரு இருந்தால் எம்.ஓ.டி. தேறாது. லாக் புக் என்கிற பதிவுப் பத்திரத்தையும், வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள், முதல் ஸ்டார்ட்டை நீங்கள் கேட்க வேண்டும். நாலாயிரத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பெல்ட், டயர், எண்ணெய், துருவைத் தடுக்க சில்லுக்குள் அடிக்கிற மெழுகு, இதற்கெல்லாம் ஆயிரமாவது கையில் இருக்கட்டும்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார், குழந்தை பிறக்கப் போகிறது, இரண்டு சீட் வாங்குவது தப்பா என்று. தப்பே இல்லை. வீட்டுக்கு வேறொரு கார் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். இந்த வண்டியை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு ஞாயிறு மனைவி உடன் வரட்டும், அடுத்த ஞாயிறு நீங்கள் குழந்தையோடு வீட்டில் இருங்கள், அவர் ஓட்டட்டும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. இப்போது அவர்தான் அதிகம் ஓட்டுகிறார்.

சனிக்கிழமை கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் டார்ச்சும் காந்தமும் இருக்கட்டும். அனுமதி கேட்டு ஊற்றிப் பாருங்கள். ஊற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே சொட்டியது என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.