குழியின் ஆழம்

வணக்கம் நேயர்களே. ஓசூர் பக்கம் நிழல்வலைக் குடிலில் காய்கறி நாற்று வளர்த்து விற்கிறேன். வருகிறவர்கள் விதை என்ன ரகம், உரம் என்ன போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள், நாற்று நிற்கிற தட்டைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். நான் இன்று தட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கடையில் 50 குழி, 98 குழி, 200 குழி என்று குழித்தட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். தட்டின் நீள அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், எண்ணிக்கை கூடக் கூடக் குழி சிறுத்துவிடும், ஆழமும் குறையும். தொழில் தொடங்கிய புதிதில், இருக்கிற இடத்தில் இரண்டு மடங்கு நாற்று எடுக்கலாமே என்று 200 குழித் தட்டு வாங்கி மிளகாய் போட்டேன். அது ஐப்பசி மாதம், ஒரு வாரம் வெயிலே இல்லை. மேலே தொட்டால் ஈரம் அளவாகத்தான் இருந்தது, ஆனால் நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் சொதசொதவென்று சேறு. தண்டு தரையோடு கருத்து, ஒவ்வொரு தட்டாகச் சாய்ந்தது. நாற்றழுகல். மருந்து ஊற்றியும் நிற்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வயலை உழுது காத்திருந்தவரிடம் போய் நாற்று இல்லை என்று சொன்ன அந்தக் காலை நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஏன் அப்படி ஆனது? வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நன்றாக முக்கி, உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வையுங்கள். சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். அப்புறம் அதே பஞ்சைச் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடியும் தண்ணீர் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. குழியிலும் இதேதான் நடக்கிறது. தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய எந்தக் குழியிலும் அடியில் கொஞ்ச உயரத்துக்குத் தண்ணீர் தங்கியே தீரும், ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. ஆழமான குழியென்றால் அதற்கு மேலே காற்றோட்டமான இடம் மிஞ்சும், வேர் அங்கே மூச்சு விடும். ஆழமில்லாத குழியில் முழுவதும் ஈரம்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தட்டு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் குழிக்குள் விரலை விட்டு ஆழத்தைப் பாருங்கள்.

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று நம்புகிறோம் இல்லையா, அதுவும் இதே கணக்குதான். கல்லுக்கு மேலே அந்த ஈர அடுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம்.

மிளகாய் 35, 40 நாள் தட்டில் நிற்கும், தக்காளி 25 நாள். இரண்டுக்கும் 98 குழி சரி. பாகல், புடலை, சுரைக்கு விதையும் பெரிது, வேரும் வேகம், 12 முதல் 15 நாளில் நட்டுவிட வேண்டும், அவற்றுக்கு 50 குழி எடுங்கள்.

தட்டைத் தரையில் வைக்காதீர்கள், இதையும் அழுத்திச் சொல்கிறேன். கம்பியோ மூங்கிலோ கட்டி உயர்த்தி வையுங்கள். ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிற வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நின்றுவிடும், உள்ளே பக்கவேர் நிறைய விடும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கும், எடுக்கும்போது அறுந்து நாற்று வாடும்.

நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். மண்தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், அதனால் பிளாஸ்டிக்கைவிட அடிக்கடி தண்ணீர் கேட்கும். பழைய தட்டை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் ஒட்டியிருக்கிற வேரையும் நார்க்கழிவையும் முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்து எடுங்கள். வணக்கம்.